மீட்டர் சும்மா இருந்தால் மண் சுத்தமா? செமிபலாதின்ஸ்க் சோதனைத் திடலில் கதிரியக்கம் அளப்பது

கையில் கைகர் கவுண்டர். பத்து விநாடி நிற்கிறோம், திரையில் மணிக்கு 0.12 மைக்ரோசீவர்ட். 'இங்கே ஒன்றும் இல்லை' என்று அடுத்த இடத்துக்கு நடக்கிறோம். இந்த வேலையில் அதிகம் நடக்கிற தவறு இதுதான். அந்த 0.12 பொய்யான எண் அல்ல. ஆனால் அது காமா கதிரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. காலடி மண்ணில் புளூட்டோனியம் இருக்கிறதா என்று அந்தக் கருவியிடம் நாம் கேட்கவே இல்லை. அதற்குச் சொல்லவும் தெரியாது.

கஜகஸ்தானின் செமிபலாதின்ஸ்க் திடல் சுமார் 18,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த புல்வெளி. 1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத் யூனியனின் முதல் அணுகுண்டு இங்கேதான் வெடித்தது. 1989 வரை 456 சோதனைகள்: தரையிலும் காற்றிலுமாக 116, மற்றவை நிலத்தடியில். 1991இல் அதே ஆகஸ்ட் 29 அன்று திடல் மூடப்பட்டது. இதை ஒரே இடம் என்று நினைத்துக்கொண்டு போனால் முதல் நாளே குழப்பம்தான். 'சோதனை வயல்' எனப்படும் பகுதியில் தரைமட்ட வெடிப்புகள் நடந்தன. டெகெலென் மலையில் சுரங்கங்களுக்குள் வெடித்தார்கள். பாலபானில் ஆழ்துளைகளில் வெடித்தார்கள். 1965 ஜனவரி 15 அன்று, 178 மீட்டர் ஆழத்தில் 140 கிலோடன் குண்டை வெடித்து உண்டாக்கிய பள்ளம்தான் சாகன் 'அணு ஏரி'. இவை போதாதென்று, அணுவெடிப்பே இல்லாமல் சாதாரண வெடிமருந்தால் புளூட்டோனியத்தைச் சிதறடித்த சோதனைகளும் உண்டு. மீட்டர் அசையாமல் இருக்கும், ஆனால் மண்ணைத் தொடக்கூடாத இடங்கள் அவைதான்.

ஆக, வேலை வரைபடத்தில் தொடங்குகிறது. நிற்கிற இடத்தில் எந்த வகை வெடிப்பு நடந்தது, எந்த ஆண்டு, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எதைத் தேடுவது, எந்தக் கருவியால் தேடுவது என்று முடிவு செய்ய முடியும்.

முதல் குண்டின் மிச்சத்தை இன்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சீசியம்-137இன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) ஏறத்தாழ 30 ஆண்டு. 76 ஆண்டு கழிந்தபின் தொடக்க அளவில் 17 சதவீதம் மீதி. ஸ்ட்ரான்சியம்-90 கிட்டத்தட்ட 16 சதவீதம். வெடிப்பின் நியூட்ரான்கள் மண்ணிலேயே உண்டாக்கிய யூரோப்பியம்-152 வெறும் 2 சதவீதம், கோபால்ட்-60 சொல்லத்தக்க அளவில் இல்லை. புளூட்டோனியம்-239க்கு அரை ஆயுள் 24,110 ஆண்டு. அது போட்டது போட்டபடி கிடக்கிறது. இதற்கெல்லாம் எதிர்த்திசையில் போகிற ஒன்றும் உண்டு: அமெரிசியம்-241. புளூட்டோனியம்-241 சிதைந்துதான் அது உருவாகிறது. அதனால் வெடிப்புக்குப் பிறகு சுமார் 73 ஆண்டுகள் வரை கூடிக்கொண்டே போய், அதன்பின்தான் மெல்லக் குறையத் தொடங்கும். 1949 குண்டின் அமெரிசியம் 2022 வாக்கில்தான் உச்சத்தைத் தொட்டது. 'இத்தனை வருஷம் ஆச்சே, எல்லாம் அடங்கியிருக்கும்' என்று சொல்பவருக்கு இந்த ஒரு கணக்கைக் காட்டினால் போதும்.

பின்னணி அளவை எங்கே எடுப்பது

எங்கும் எப்போதும் இருக்கிற இயற்கைக் கதிர்வீச்சுதான் பின்னணி. மண்ணிலுள்ள பொட்டாசியம்-40, யுரேனியம், தோரியம் தொடர்கள், மேலே இருந்து வரும் காஸ்மிக் கதிர் எல்லாம் அதில் அடக்கம். டெகெலென் கிரானைட் மலை. அங்கே குண்டே வெடிக்காதிருந்தாலும் மீட்டர் புல்வெளியைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். நம் மணவாளக்குறிச்சி கடற்கரையின் கருமணலில் மோனசைட் இருப்பதால், சோதனைத் திடலின் பெரும்பகுதியில் காட்டுவதைவிட அங்கே அதே மீட்டர் பல மடங்கு கூடுதலாகக் காட்டும். எண்ணின் பருமனை மட்டும் வைத்துக்கொண்டு 'குண்டின் மிச்சம்' என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு நமக்குப் பழக்கமான உதாரணம் அது.

பின்னணிக்கான இடம் அதே பாறை வகை, அதே மண், அதே புல் மூடாக்கு உள்ளதாக இருக்க வேண்டும். வெடிப்பு மேகம் போன பாதைக்கு வெளியே இருக்க வேண்டும். ஊருக்குள் தங்கும் விடுதி வாசலில் எடுத்த அளவு எதற்கும் உதவாது: செங்கல்லும் தாரும் தமக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. ஒரே புள்ளி போதாது. இருபது முப்பது புள்ளிகளாவது எடுத்து, அவற்றின் பரவலையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மழை பெய்து விட்டதும் அளக்காதீர்கள். காற்றிலுள்ள ரேடானின் சேய்த் தனிமங்களை மழை தரைக்கு இறக்கிவிடும். காமா அளவு சட்டென ஏறி, சில மணி நேரத்தில் தானே இறங்கும். மழை விட்டு மூன்று மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். நனைந்த மண்ணில் இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: தண்ணீர் கீழிருந்து வரும் காமாவைத் தடுத்து அளவைக் குறைத்துவிடும். ஆகவே மண் ஈரத்தையும் அன்றன்றே நோட்டில் எழுத வேண்டும்.

நடந்து அளப்பது

முதல் சுற்றுக்கு முதுகுப்பையில் வைக்கிற மூன்று அங்குல சோடியம் அயோடைடு (காமா பட்டால் ஒளிரும் படிகம்) டிடெக்டர், கூடவே ஜிபிஎஸ். விநாடிக்கு ஒரு ஸ்பெக்ட்ரம் (எந்த ஆற்றலில் எத்தனை காமா என்ற வரைபடம்) பதிவாகும். நடை மெதுவாக, விநாடிக்கு அரை மீட்டர் போல இருக்கட்டும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் டிடெக்டர் பார்க்கிற மண்ணின் வட்டம் பல மீட்டர் ஆரம் கொண்டது. பரவலான மாசுக்கு அது நல்லது. ஆனால் உள்ளங்கை அகலச் சூடான புள்ளி ஒன்று அந்த வட்டத்துக்குள் சராசரியாகிக் கரைந்துபோகும். சந்தேகமுள்ள இடத்தில் டிடெக்டரை 10–15 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறக்கி, கோடுகளுக்கு இடையே ஒரு மீட்டருக்கு மேல் விடாமல் மறுபடி நடக்க வேண்டும். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

சோடியம் அயோடைடின் பெரிய குறை வெப்பநிலை. புல்வெளியில் விடிகாலைக்கும் நடுப்பகலுக்கும் இருபது டிகிரி வித்தியாசம் சாதாரணம். படிகத்தின் ஒளி மாறும், அந்த ஒளியை மின்துடிப்பாக்கும் போட்டோமல்டிப்ளையரின் பெருக்கமும் மாறும். காலையில் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் (கேஇவி) நின்ற சீசியம் பீக், அதாவது ஸ்பெக்ட்ரத்தில் அதன் முகடு, மதியம் வேறு இடத்தில் நிற்கும். பீக் இருந்த இடத்தில் சாளரத்தை (எண்ண வேண்டிய ஆற்றல் எல்லையை) வைத்துவிட்டு நாள் முழுக்க நடந்தால், மதியத்து வரைபடம் 'சீசியம் குறைந்துவிட்டது' என்று சொல்லும். தானாகப் பீக்கைச் சரிசெய்யும் கருவியானாலும் நம்பி விட்டுவிட வேண்டாம். இயற்கைப் பொட்டாசியத்தின் 1461 கேஇவி பீக் எங்கும் இருக்கிறது. அது தன் இடத்தில் நிற்கிறதா என்று மணிக்கொரு முறை பார்த்துவிடுங்கள். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் சிறிய சீசியம் சோதனை மூலத்தை எப்போதும் ஒரே தாங்கியில், ஒரே தூரத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். வழக்கமான எண்ணிலிருந்து ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் அன்றைய தரவைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

இன்னொன்று: குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வண்டிக்குள்ளிருந்து டிடெக்டரைச் சட்டெனப் பனிக்குள் எடுத்து வைத்தால் படிகம் விரிசல் விட்டுவிடும். உடனே தெரியாது. பீக் அகலமாகும், சில நேரம் இரட்டையாகத் தெரியும். மின்னணுப் பகுதியில் கோளாறு என்று இரண்டு நாள் தேடியபின்தான் படிகத்தின் மேல் சந்தேகம் வரும். டிடெக்டரை நுரைப் பஞ்சு வைத்த பெட்டியோடு வெளியே வைத்து, மெதுவாகக் குளிர விடுவதே வழி.

ஆல்ஃபா மீட்டரை மண்ணின் மேல் பிடித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆல்ஃபாத் துகள் காற்றிலேயே நான்கு சென்டிமீட்டர் தாண்டாது. ஒரு புல் இதழ், காலைப் பனித்துளி, தூசிப் படலம், டிடெக்டர் அழுக்காகாமல் இருக்கச் சுற்றிய பிளாஸ்டிக் உறை, இவற்றில் ஏதாவது ஒன்று போதும் அதை நிறுத்த. அந்த மீட்டரின் இடம் பூட்ஸ் அடி, கையுறை, கருவிப் பெட்டி ஆகியவற்றைச் சோதிப்பதில்தான். பீட்டாவுக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஸ்ட்ரான்சியத்தின் சேயான இட்ரியம்-90 வெளியிடும் பீட்டா 2.28 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை போகும். மீட்டரின் பீட்டா மூடியைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை தரையை ஒட்டி எண்ணினால் வரும் வித்தியாசம் பீட்டாவின் அறிகுறி. அறிகுறி மட்டும்தான், அதை அளவு என்று எழுதிவிடாதீர்கள்.

புளூட்டோனியத்தைக் களத்தில் பிடிக்க இருக்கிற ஒரே நடைமுறை வழி அமெரிசியத்தின் 59.5 கேஇவி காமா. இதற்கென்றே 1.6 மில்லிமீட்டர் தடிமனில், ஐந்து அங்குல அகலத்தில் மெல்லிய சோடியம் அயோடைடு படிகம் வைத்த டிடெக்டர்கள் உண்டு, பெயர் ஃபிட்லர். படிகம் மெல்லியதாக இருப்பதால் அதிக ஆற்றல் காமாக்கள் பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும், பின்னணி குறையும். ஆனால் 59.5 கேஇவி காமாவை ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டர் மண் பாதியாக்கிவிடும். 662 கேஇவிக்கு அதே வேலையைச் செய்ய ஆறு சென்டிமீட்டர் மண் வேண்டும். எனவே ஃபிட்லர் பார்ப்பது மேல்தோலை மட்டுமே. மழைக்குப் பின் அதையும் ஒழுங்காகப் பார்க்காது. அமெரிசியத்திலிருந்து புளூட்டோனியத்துக்குப் போக ஒரு விகிதம் தேவை. அந்த விகிதம் குண்டுக்குக் குண்டு வேறு. ஒரு பள்ளத்தில் ஆய்வகம் கண்ட விகிதத்தை அடுத்த பள்ளத்துக்கு எடுத்துப் போய்ப் பெருக்கினால், வரைபடம் அழகாக இருக்கும், எண்கள் கற்பனையாக இருக்கும்.

மண்ணை எடுப்பது

கருவியில் வரும் பிழை ஐந்து சதவீதம், பத்து சதவீதம். மண்வெட்டியில் வரும் பிழை பத்து மடங்கு, நூறு மடங்கு. ஆய்வகத்தில் காமாவைத் துல்லியமாகப் பிரித்தறியும் ஜெர்மானியம் டிடெக்டரை வாங்க லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, சாம்பிள் எடுக்க அவசரமாக ஆளை அனுப்புவது இந்தத் துறையின் பழைய வியாதி.

பரப்பளவு தெரியாத சாம்பிளால் பாதிப் பயன்தான். 10க்கு 10 சென்டிமீட்டர் இரும்புச் சட்டத்தைத் தரையில் பதித்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழம்வரை உள்ளிருப்பது முழுவதையும் எடுங்கள், புல்வேரையும் சேர்த்துத்தான். காய்ந்தபின் 0.7 கிலோ வந்தது, ஆய்வகம் கிலோவுக்கு 300 பெக்கரல் (விநாடிக்கு ஒரு சிதைவு ஒரு பெக்கரல்) சீசியம் என்று சொன்னது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 210 பெக்கரல். அது 0.01 சதுர மீட்டரிலிருந்து வந்தது, ஆக சதுர மீட்டருக்கு 21,000 பெக்கரல். இவ்வளவு சீசியம் இருந்தும் காமா மீட்டரில் அது கூட்டுவது 0.1க்கும் வெகு கீழே, மணிக்கு ஒரு மைக்ரோசீவர்ட்டில் நூறில் சில பங்குதான். முதல் பத்தியில் வந்த 0.12இன் அர்த்தம் இப்போது கொஞ்சம் மாறியிருக்கும்.

ஆழ விவரம் வேண்டுமானால் 0–2, 2–5, 5–10, 10–15, 15–20 சென்டிமீட்டர் என்று வெட்ட வேண்டும். குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கும்போது மேல்மண் குழாயின் உட்சுவரோடு கீழே இழுபடும். மேலடுக்கின் ஒரு சதவீதம் கீழே போனாலும், 'சீசியம் 20 சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டது' என்று அறிக்கையில் ஏறிவிடும். மண்கம்பியைக் குழாயிலிருந்து வெளியே தள்ளியதும், சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சீவி எறியுங்கள். கீழடுக்கிலிருந்து மேல்நோக்கி வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். மாசு குறைந்த புள்ளிகளை முதலில் முடித்துவிட்டு, அதிகமான இடத்துக்குக் கடைசியில் போவதும் இதே காரணத்துக்காகத்தான்.

வழக்கமான மண் ஆய்வில் 105 டிகிரியில் காயவைத்து, இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கல்லைத் தூக்கிப் போடுவார்கள். வெடிப்பு மையத்தருகே அப்படிச் செய்தால் வேலையே கெட்டது. தீப்பந்தில் உருகி உறைந்த கண்ணாடிக் கசடு அங்கே மிளகு அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் கிடக்கும். புளூட்டோனியத்தில் பெரும்பங்கு அதற்குள்தான். சல்லடையின் மேல் நிற்பதைத் தனியே எடைபோட்டு, தனியே எண்ணி, இரண்டையும் கூட்டித்தான் கணக்குச் சொல்ல வேண்டும்.

சூடான துகள் இன்னொரு தொல்லை. ஒரு கிலோ மண்ணில் ஒரே ஒரு துகள் இருக்கிறது. பத்து கிராமாக நூறு பங்கு போட்டால், தொண்ணூற்றொன்பதில் ஒன்றும் இல்லை, ஒன்றில் சராசரியைப் போல நூறு மடங்கு. இரு ஆய்வகங்கள் ஒரே பையிலிருந்து எடுத்த மண்ணுக்கு முப்பது மடங்கு வித்தியாசம் சொன்னால், சண்டைக்குப் போகுமுன் துகளைத் தேடுங்கள். சாம்பிளை நான்காகப் பிரித்துத் தனித்தனியே எண்ணுங்கள். டப்பாவைக் கவிழ்த்து, குலுக்கி, மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை புள்ளியியல் எல்லையைத் தாண்டி மாறினால் உள்ளே துகள் இருக்கிறது. மண்ணை மெல்லப் பரப்பி, படத்தகட்டின் மேல் ஓர் இரவு வைத்தால், இருட்டில் நட்சத்திரம் போல அதன் இடம் தெரிந்துவிடும். அறிக்கையில் சராசரியை மட்டும் கொடுக்காதீர்கள். நுரையீரலுக்குள் போவது சராசரி அல்ல, துகள்.

ஆய்வகத்தில் சறுக்கும் இடங்கள்

காமா ஸ்பெக்ட்ரத்தில் பலரும் விழுகிற பள்ளம் திறன் வளைகோடு: வெளிவரும் காமாவில் எத்தனை சதவீதம் பீக்கில் பதிவாகிறது என்பதை ஒவ்வொரு ஆற்றலுக்கும் காட்டும் கோடு. யூரோப்பியம்-152 ஒரே மூலத்தில் பல பீக் தருவதால் வசதி என்று அதையே டிடெக்டரை ஒட்டி வைத்து அளவுதிருத்தம் செய்வார்கள். ஒரே சிதைவில் வரும் இரண்டு காமாக்கள் ஒரே நேரத்தில் படிகத்துக்குள் விழுந்தால் அவை ஒன்றாகக் கூடி, பீக்கிலிருந்து காணாமல் போகும். திறன் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அதே வளைகோட்டை, இந்தச் சிக்கல் இல்லாத சீசியத்துக்குப் போட்டால் சீசியம் கூடுதலாக வரும். நெருக்கத்தில் எண்ணுவதானால் தனித்த காமா தரும் மூலங்களால் திருத்துங்கள், அல்லது கூட்டல் திருத்தத்தைக் கணக்கிடுங்கள். 59.5 கேஇவியில் இன்னொரு பிழை: மண் தன் கதிரைத் தானே விழுங்கும். திருத்த மூலம் நீரில் கரைத்தது, சாம்பிளோ இரும்பு மிகுந்த மண் என்றால் அமெரிசியம் குறைவாக வரும். தாழ்ந்த ஆற்றலில் அடர்த்தி மட்டும் அல்ல, மண்ணில் என்ன தனிமம் இருக்கிறது என்பதும் முக்கியம்.

'கண்டறியப்படவில்லை' என்று மட்டும் எழுதிய வரிக்கு மதிப்பே இல்லை. எவ்வளவு இருந்திருந்தால் கண்டிருப்போம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். லாயிட் கர்ரி (Currie) என்பவர் தந்த சூத்திரம் எளிது: பின்னணி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 4.65ஆல் பெருக்கி 2.71ஐக் கூட்டு. பீக்கின் அடியில் 400 எண்ணிக்கை என்றால் எல்லை சுமார் 96. திறன் 2 சதவீதம், சாம்பிள் 1.2 கிலோ, எண்ணிய நேரம் 10,000 விநாடி என்றால், நூறு சிதைவில் 85இல்தான் 662 கேஇவி காமா வரும் என்பதையும் சேர்த்து, சீசியத்துக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 0.47 பெக்கரல். இந்த எண் இருந்தால்தான் படிப்பவர் அந்த 'இல்லை'யை எடைபோட முடியும்.

புளூட்டோனியத்துக்கு வேதியியல் தவிர்க்க முடியாது. புளூட்டோனியம்-242ஐத் தடங்காட்டியாக (வழியில் எவ்வளவு இழந்தோம் என்று காட்ட) அளந்து போட்டு, கரைத்து, 8 மோலார் நைட்ரிக் அமிலத்தில் எதிரயனிப் பிசின் வழியே பிரித்து, உலோகத் தட்டில் மின்படிவு செய்து ஆல்ஃபா ஸ்பெக்ட்ரம் எடுக்க வேண்டும். கசடு வகை சாம்பிளை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் மட்டும் போதாது. கண்ணாடிக்குள் இருப்பது வெளியே வராது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ முழு உருக்கலோ வேண்டும். இங்கே தடங்காட்டி நம்மைக் காப்பாற்றாது என்பதைக் கவனியுங்கள். அது கரைசலில்தானே இருக்கிறது? விளைச்சல் (மீட்ட பங்கு) 85 சதவீதம் என்று அழகாகக் காட்டும், கண்ணாடிக்குள் சிக்கியதைப் பற்றி அதற்குத் தெரியாது. அமெரிசியம் சரியாகப் பிரியாமல் கூடவே வந்தால், அதன் 5.49 மெகா எலக்ட்ரான் வோல்ட் பீக் புளூட்டோனியம்-238இன் மேலேயே உட்காரும். 239ஐயும் 240ஐயும் ஆல்ஃபாவால் பிரிக்க முடியாது, அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் நிறைமாலைமானி வேண்டும். அணுச்சோதனைகளால் உலகம் முழுக்கப் பொழிந்த கதிரியக்கத் தூசியில் 240க்கும் 239க்கும் உள்ள விகிதம் 0.18 அளவில் இருக்கும், ஆயுதத் தரப் பொருளில் அதைவிட வெகு குறைவு. இங்கே கிடப்பது இந்தத் திடலின் சரக்கா, உலகம் முழுக்கப் பொழிந்ததா என்பதைச் சொல்வது இந்த எண்தான். யுரேனியம் ஹைட்ரைடு 239 என்ற நிறையில் வந்து கலப்படம் செய்யும், எனவே யுரேனியத்தை முன்பே நன்றாக நீக்கியிருக்க வேண்டும்.

ஸ்ட்ரான்சியத்தைப் பிரித்தபின் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். இட்ரியம் வளர்ந்து 97 சதவீதச் சமநிலைக்கு வர 14 நாள் ஆகும். அவசரம் காட்டி ஐந்தாம் நாள் எண்ணினால் சூத்திரம் வேறு.

டெகெலென் சுரங்க ஓடைகளிலும் சாகன் ஆற்றிலும் தேட வேண்டியது டிரிட்டியம், அதாவது கதிரியக்க ஹைட்ரஜன். காமா மீட்டர் இதை எந்தக் காலத்திலும் காட்டாது. பாட்டிலை விளிம்புவரை நிரப்பி மூடுங்கள், அமிலம் சேர்க்காதீர்கள். காய்ச்சி வடித்தபின் 8 மில்லிலிட்டர் நீர், 12 மில்லிலிட்டர் சிந்திலேஷன் திரவம் (கதிர் பட்டால் மின்னும் திரவம்). ஓர் இரவு இருட்டில் வைத்துவிட்டு எண்ணுங்கள். உடனே எண்ணினால் வேதி ஒளிர்வையும் டிரிட்டியம் என்று எண்ணிவிடுவீர்கள். இருட்டில் மின்னும் டிரிட்டியம் கைக்கடிகாரத்தோடு அந்த அறைக்குள் யாரையும் விடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10,000 பெக்கரல். இந்தத் திடலின் நீரில் அதைப் பல மடங்கு தாண்டிய அளவுகள் பதிவாகியிருக்கின்றன.

களத்தில் உடம்புக்கு ஆபத்து பெரும்பாலும் தூசி வழியே. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று தோண்டுங்கள், முகத்தோடு ஒட்டிய துகள் வடிகட்டி முகமூடி அணியுங்கள், உள்ளே சாப்பாடு, புகை எதுவும் வேண்டாம். கைவிடப்பட்ட சுரங்கங்களுக்குள் நுழையாதீர்கள். செப்புக் கம்பிக்காகப் பழைய இரும்புக்காரர்கள் டெகெலெனை வெகுகாலம் தோண்டினார்கள். அங்கே எஞ்சியிருந்த புளூட்டோனியத்தைக் கஜகஸ்தானும் ரஷ்யாவும் அமெரிக்காவும் சேர்ந்து காங்கிரீட் கொட்டி மூடி முடித்தது 2012இல்தான். அளப்பவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு: 'யாரும் தொடாத மண்' என்ற அனுமானத்தில் எடுக்கும் ஆழக் கணக்கு, இயந்திரச் சக்கரத் தடமோ புதிய மண்குவியலோ உள்ள இடத்தில் செல்லாது.

பழைய வரைபடங்களோடு ஒப்பிடும்போது முதலில் தேதியைப் பாருங்கள். அவற்றில் அலகு சதுர கிலோமீட்டருக்குக் கியூரி என்று இருக்கும். சதுர கிலோமீட்டருக்கு ஒரு கியூரி என்பது சதுர மீட்டருக்கு 37,000 பெக்கரல். 1994ஆம் ஆண்டு தேதியிட்ட வரைபடத்தில் ஒரு புள்ளியில் சீசியம் 1 கியூரி என்றிருந்தால், 2024இல் அங்கே சதுர மீட்டருக்கு 18,500 பெக்கரல்தான் எதிர்பார்க்க வேண்டும். அதே வரைபடத்தில் அதே புள்ளிக்கு அமெரிசியமும் குறித்திருந்தால், அதைப் பாதியாக்கக் கூடாது. அது வளர்ந்த கணக்கைப் போட்டுக் கூட்ட வேண்டும்.